இழுத்துப் பார்த்தீர்களா?

வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பீர்கள்தானே? பார்க்காதவர் யார்! திண்டுக்கல்லில் இரண்டு தடவை இழுப்பார்கள். சில பேர் தெருமுனை வரை போய், 'இழுத்தோமா, இழுக்கலையா?' என்று சந்தேகம் வந்து, பஸ் போனாலும் பரவாயில்லை என்று திரும்பி வந்து மூன்றாவது தடவையும் இழுத்துவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் அது திண்டுக்கல் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. ஊர் உலகமே நம்புகிற பூட்டை உள்ளூர்க்காரர் நீங்களே நம்பவில்லையா என்று கேட்டால் சிரிப்பார். 'பூட்டை நம்பாம இல்லீங்க. உள்ள இருக்கறது நம்ம சாமான் இல்லையா!'

அதே மனிதர் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் குடும்பத்தோடு கொடைக்கானலுக்குக் காரில் கிளம்புகிறார். வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்த்தாயிற்று. கேஸை மூடியாயிற்று. புளிசாதம், சிப்ஸ், ஸ்வெட்டர், குல்லா எல்லாம் ஏற்றியாயிற்று. வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழம் ஒன்று, திருஷ்டிக்குச் சக்கரத்தில் வைத்து நசுக்க இன்னொன்று. பெட்ரோல் ஃபுல். டயரில் காற்று ஓகே. பிரேக்?

'நேத்து வரைக்கும் நல்லாத்தான் பிடிச்சுது சார்!'

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. நேற்று பிடித்தது நிஜம். இன்றைக்கும் பிடிக்கும் என்று மனசார நம்புகிறார். நம்பாமல் பெற்ற பிள்ளைகளைப் பின் சீட்டில் உட்கார வைப்பாரா? என் கேள்வி அதுதான். மனசார ஒன்றை நம்புவது தப்பாக இருக்க முடியுமா?

பதிலுக்கு முன்னால் ரோட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி காட்ரோடு வரைக்கும் சமவெளி. அங்கே பிரேக்குக்கு அதிக வேலை கிடையாது. மாடு குறுக்கே வந்தால் ஒரு மிதி, டீக்கடை வந்தால் ஒரு மிதி. மலை ஏறும்போதும் ஓய்வுதான்; என்ஜின்தான் மூச்சு வாங்கும். பிரேக்குக்குப் பரீட்சை இறங்கும்போது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரம் 300 சொச்சம். ஆக, ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையை 1,800 மீட்டர் உயரத்திலிருந்து மெள்ள மெள்ளக் கீழே இறக்க வேண்டும். இந்த இறக்கத்தில் வெளிப்படுகிற சக்தி எங்கேயாவது போயாக வேண்டுமே! பிரேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறினால் சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். திண்டுக்கல் பிரியாணிக் கடைகளில் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஓர் அண்டா! கியரைக் குறைத்துப் போட்டு இறங்கினால் பெரும் பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். டாப் கியரிலோ நியூட்ரலிலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், அண்டா நம்முடைய நாலு சக்கரத்துக்குள் கொதிக்கிறது என்று அர்த்தம்.

கொதிப்பது என்று சும்மா சொல்லவில்லை. நீங்கள் பெடலை மிதிக்கிற பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது பிரேக் ஆயில். அதற்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற குணம் உண்டு, மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி. புது டாட்-3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு, அதே விதி எதிர்பார்ப்பது 140 டிகிரிதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று பல கம்பெனிகள் சொல்வது இதனால்தான். பழைய ஆயில் மலை இறக்கத்தில் கொதித்துக் குமிழி விடும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, குமிழியைச் சுருக்கலாம். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். கால் தரை வரைக்கும் போகும். கார் நிற்காது.

கவனியுங்கள். இதே ஆயில், இதே பேட், செம்பட்டி ரோட்டில் எந்தக் குறையும் சொல்லியிருக்காது. 'நேத்து வரைக்கும் நல்லாத்தான் பிடிச்சுது' என்பது சமவெளியில் எழுதின பரீட்சையின் மார்க்.

இப்போது இரண்டு கார்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. ஒரே கம்பெனி, ஒரே வயசு. இரண்டு பேருமே மூன்று வருஷமாகப் பிரேக் ஆயில் மாற்றவில்லை. இரண்டு காரிலும் பேட் தேய்ந்து 'கீச்' என்கிறது. இரண்டு பேருமே நல்லவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெருமாள்மலை தாண்டி, அடுத்தடுத்து இறங்குகிறார்கள். ஒரு வளைவில் இரண்டு பேருக்குமே பெடல் ஒரு நொடி தரை வரை போகிறது. வெள்ளைக் காருக்கு முன்னால் ரோடு காலி. எப்படியோ கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வியர்த்து விறுவிறுத்து ஓரங்கட்டி நிறுத்திவிடுகிறார். சிவப்புக் காருக்கு முன்னால், ரோட்டோரம் பட்டர் ஃப்ரூட் விற்கிற அம்மாவின் பேரன் பந்தை எடுக்க ஓடி வருகிறான்...

வெள்ளைக்காரர் அரை மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு, 'ஆண்டவன் காப்பாத்தினான்' என்று வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுகிறார். சிவப்புக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை. 2024 ஜூலை முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் அது ஐந்து வருஷம் வரை.

இரண்டு பேரும் செய்த தப்பு ஒன்றுதான். செய்யாமல் விட்டதும் ஒன்றுதான். வித்தியாசம், ஒரு பந்து உருண்ட திசை. அப்படியானால் சிவப்புக்காரர் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆனார்?

இது வெட்டிக் கேள்வி இல்லை. தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞரோடு 1976-ல் நடத்திய புகழ்பெற்ற விவாதத்தில் இதைத்தான் எடுத்துப் போட்டார். அவர் சொன்ன உதாரணமும் பிரேக்தான்! ஒரு லாரி டிரைவர். சமீபத்தில் பிரேக்கைச் சோதிக்காமல் விட்டவர். குறுக்கே ஒரு குழந்தை வருகிறது. வந்ததால் அவர் ஆயுசுக்கும் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொள்வார். குழந்தை வராமலே போயிருந்தால், அதே அஜாக்கிரதை அவர் மனசில் ஒரு கீறல்கூட விட்டிருக்காது. அந்தக் குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. ஒருவருடைய குற்றத்தின் கனத்தை அவர் கையில் இல்லாத ஒன்று எப்படித் தீர்மானிக்கலாம்? இதற்கு 'தார்மிக அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்தார்கள். மடக்குகிற கேள்வி. இன்று வரை தத்துவப் பேராசிரியர்கள் இதைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு இது புதுசில்லை. திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் வேண்டுமென்றா கன்றின் மேல் தேரை ஏற்றினான்? அது துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. ஒரு நொடி தாமதித்துத் துள்ளியிருந்தால் கன்றும் பிழைத்திருக்கும், இளவரசனும் பிழைத்திருப்பான், ஆராய்ச்சி மணியும் அடித்திருக்காது. அரசன் அந்த ஒரு நொடியைக் கணக்கில் எடுக்கவில்லை. நடந்ததைப் பார்த்தான், தீர்ப்புச் சொன்னான். (அதே திருவாரூரில் இன்றைக்கு ஓடுகிற ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடுகிற ஆட்களும் கூடவே ஓடுகிறார்கள். பேச்சு வழக்கில் 'முட்டுக்கட்டை போடாதே' என்று கெட்ட வார்த்தை ஆக்கிவிட்டோம். தேரோட்டத்தில் அந்தக் கட்டை போடுகிறவன் கை தப்பினால் தெருவே போச்சு!)

நம்முடைய மோட்டார் வாகனச் சட்டம் இரண்டையும் தொட்டுப் பார்க்கிறது. 1988-ம் வருஷத்துச் சட்டத்தின் 190-வது பிரிவு. ஆபத்தான கோளாறு உள்ள வண்டியை ஓட்டினால் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் கோளாறால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உள்ள தொகை இது. பார்த்தீர்களா? பந்து உருண்ட திசைக்குத் தகுந்தமாதிரி சட்டமும் இரண்டு விலை வைத்திருக்கிறது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சட்டம் அப்படித்தான் இருக்க முடியும். பேரனைப் பறிகொடுத்த அந்த அம்மாவிடம் போய், 'தப்புச் செய்த எல்லாருக்கும் ஒரே தண்டனைதான், 1,500 ரூபாய்' என்று எந்த நீதிபதி சொல்வார்? ஆனால், அதைச் சாக்காக வைத்து வெள்ளைக்காரர் நிம்மதியாகத் தூங்குவதுதான் எனக்கு இடிக்கிறது. சட்டம் தன்னைத் தேடி வரவில்லை என்பதால் தான் எதுவும் செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்.

'அப்படிப் பார்த்தா ஊர்ல பாதிப் பேர் கொலைகாரங்கதான் சார்' என்று நீங்கள் கோபிக்கலாம். கொலைகாரன் என்று நான் சொல்லவில்லை. சூதாடி என்கிறேன். அதுவும் அடுத்தவர் சொத்தை வைத்து ஆடுகிற சூதாடி. தருமர் பாஞ்சாலியை வைத்து ஆடினார். அவளுக்காவது சபைக்கு வந்து, 'என்னை வைத்து ஆட உமக்கு ஏது உரிமை?' என்று ஒரு கேள்வி கேட்க முடிந்தது. பட்டர் ஃப்ரூட் விற்கிற அம்மாவுக்குத் தன் பேரனை வைத்து இரண்டு கார்கள் ஆடிக்கொண்டு இறங்கி வருவதே தெரியாது.

சரி, 'எனக்குத்தான் பிரேக் கெட்டிருக்குன்னு தெரியாதே!' என்கிற பதிலுக்கு வருவோம். இதில்தான் அந்த 190-வது பிரிவு கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்திருக்கிறது. கோளாறு இருப்பது ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. சாதாரண கவனம் எடுத்திருந்தால் தெரிந்துகொண்டிருக்க முடியும் என்றாலே போதும், மாட்டினார். தெரியாது என்பது அங்கே செல்லாது. தெரிந்துகொள்ள வழி இருந்ததா, போனீர்களா, அதுதான் பேச்சு.

இந்த விஷயத்தை 1877-லேயே ஒருவர் போட்டு உடைத்திருக்கிறார். வில்லியம் கிளிஃபோர்டு. லண்டனில் கணிதப் பேராசிரியர். 33 வயசிலேயே இறந்துபோனார், பாவம். 'நம்பிக்கையின் அறம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. அடிக்கடி ரிப்பேர் பார்த்தது. வெளிநாட்டில் குடியேறப் போகிற குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். முதலாளிக்கு லேசாக உறுத்துகிறது. முழுசாகப் பிரித்துப் பார்த்துவிடலாமா? செலவாகுமே... அப்புறம் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். எத்தனை புயலைப் பார்த்த கப்பல்! ஆண்டவன் இந்த ஏழை ஜனங்களைக் கைவிடுவானா? இப்படிச் சொல்லிச் சொல்லி, உறுத்தல் போய், நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிடுகிறார். சந்தோஷமாகக் கையசைத்து வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணம் வருகிறது.

அவர் மனசார நம்பியது உண்மைதான் என்கிறார் கிளிஃபோர்டு. ஆனால், அந்த நம்பிக்கையை அவர் சோதித்துச் சம்பாதிக்கவில்லை. சந்தேகத்தின் கழுத்தை நெரித்து அடைந்தார். அதனால் அவர் குற்றவாளி. அதோடு விட்டாரா? கப்பல் மூழ்காமல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். வெள்ளைக் காருக்கான தீர்ப்பு! ஏட்டுச்சுரைக்காய் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். 1870-ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவில் இருந்தவர் கிளிஃபோர்டு. சிசிலித் தீவின் அருகே அவர்கள் போன கப்பல் விபத்தில் சிக்கி, உயிர் தப்பி வந்தவர்.

வாடகை வண்டிகளையாவது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொண்டுபோக வேண்டும். சொந்தக் காருக்கு வாங்கும்போது கிடைக்கிற ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம் செல்லும். அதுவரைக்கும், 'வண்டியைக் கொண்டு வா, பிரேக்கைப் பார்க்கணும்' என்று தகுதிச் சோதனைக்குக் கூப்பிடுகிற அதிகாரி கிடையாது. பார்க்க வேண்டிய ஒரே அதிகாரி நீங்கள்தான்.

அந்தச் சாதாரண கவனம் என்பது என்ன? அதற்காக மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வீட்டு வாசலில், சட்டை அழுக்காகாமல், பத்து நிமிஷம்.

முதலில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதிக்க மிதிக்கக் கல்லு மாதிரி ஆகும். பயப்பட வேண்டாம், ஆகத்தான் வேண்டும். பூஸ்டரில் மிச்சம் இருந்த வெற்றிடம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே காலை அழுத்தி வைத்துக்கொண்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கிக் கொடுத்தால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் முறைத்துக்கொண்டு நின்றால் பூஸ்டரிலோ அதற்கு வருகிற ஹோஸிலோ கோளாறு. இந்தச் சின்ன சோதனையைச் செய்தவருக்கு இன்னொன்றும் விளங்கிவிடும். மலை இறங்கும்போது 'பெட்ரோல் மிச்சம்' என்று என்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவார்களே, அந்தப் பெருமைக்குரிய பழக்கம்... இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் கூடவே இறுகிவிடும். மிச்சம் பிடித்தது ஒரு டம்ளர் பெட்ரோல்!

அடுத்து, என்ஜின் ஓடட்டும். பெடலை ஒரே சீராக அழுத்தி அரை நிமிஷம் வைத்திருங்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மெள்ள மெள்ளத் தரையைப் பார்த்து இறங்கினால் எங்கேயோ ஆயில் கசிகிறது, இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போய்விட்டது. அந்தக் காரை வாசலை விட்டு எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இறங்காமல், ஆனால் பஞ்சை மிதிக்கிற மாதிரி மெத்து மெத்தென்று இருந்தால் லைனில் காற்றுப் புகுந்திருக்கலாம். அதுவும் மெக்கானிக் வேலைதான்.

பிறகு பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மேல் கோடு, கீழ்க் கோடு இருக்கும். மட்டம் குறைந்திருந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு பாட்டில் வாங்கி மேல் கோடு வரை ஊற்றிவிட்டு, 'சரி பண்ணிட்டேன்' என்பார்கள். பேட் தேயத் தேய அந்த மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கசிவு இருந்தாலும் இறங்கும். உங்களுக்குத் தகவல் சொல்வதற்காகத்தான் அங்கே கோடு போட்டிருக்கிறார்கள். காரணம் பார்க்காமல் ஊற்றுவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் தெர்மாமீட்டரைப் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற மாதிரி. (அவசரத்தில் என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர்கள் ஊதிப் போய் மொத்தமும் வீண்.)

இதைவிட எனக்கு ஆச்சரியம் தருவது அந்தக் 'கீச்' சத்தம். பல கார்களின் பேடில், அது தேய்ந்து ஓர் அளவுக்கு வந்ததும் டிஸ்கில் உரசிக் கத்துவதற்கென்றே ஒரு சின்ன இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். யாரோ ஓர் என்ஜினீயர் நமக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். 'இவன் குனிந்து பார்க்க மாட்டான், வீலைக் கழற்ற மாட்டான். காதுக்குக் கேட்கிற மாதிரி ஒன்று வைப்போம்' என்று வைத்திருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறோம். சத்தம் 'கர கர' என்று மாறினால் பேட் தீர்ந்து இரும்பு இரும்பைத் தின்கிறது. அப்புறம் பேடோடு டிஸ்குக்கும் தண்டம் அழ வேண்டும்.

மற்றதெல்லாம் சுலபம். காலி மைதானத்தில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் காலிப்பர் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டி வந்ததும் சக்கரங்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். சிறுமலைக்குப் போகிறவர்கள் இதை மேலே, பதினெட்டு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போன பிறகு செய்து பார்க்காமல், கீழேயே செய்து பார்ப்பது உத்தமம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இத்தனையும் செய்து, 'பிரேக் கெட்டிருக்கிறது' என்று நீங்கள் கண்டுபிடிக்கலாம். 'பிரேக் நன்றாக இருக்கிறது' என்று கண்டுபிடிக்க முடியாது. ஆயிலுக்குள் ஏறிய ஈரம் கண்ணுக்குத் தெரியாது. பின் சக்கர டிரம்முக்குள் இருக்கிற லைனிங் கழற்றினால்தான் தெரியும். வீட்டுச் சோதனையில் எதுவும் அகப்படவில்லை என்றால், எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் தானே பார்த்துவிட்டு, 'நானே செக் பண்ணிட்டேன், மெக்கானிக் எதுக்கு?' என்று கிளம்புகிறவர் கிளிஃபோர்டின் கப்பல் முதலாளிக்குத் தம்பி.

இதுவரைக்கும் சொந்தக் காரைப் பற்றிப் பேசினோம். வாடகைக் கார் என்றால் சிக்கல் இன்னும் கூடுகிறது. அங்கே இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

'அண்ணே, முன் வீல்ல கீச்சுனு சத்தம் வருதுண்ணே. பேடு மாத்தணும்போல.'

'பிடிக்குதுல்ல?'

'பிடிக்குதுண்ணே... ஆனா...'

'அப்புறம் என்னப்பா? சீசன் முடியட்டும், மொத்தமா பார்த்துருவோம்.'

டிரைவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டுகிறார். ஓட்டமாட்டேன் என்றால் நாளைக்குச் சாவி வேறு கைக்குப் போய்விடும். வீட்டில் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். ஓனருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. 'பிடிக்குதுல்ல?' என்ற கேள்வியே 'பிடிக்குது' என்ற பதிலை வரவழைப்பதற்காகக் கேட்டது. சட்டம் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறது: ஓட்டுகிறவரும் மாட்டுவார், ஓட்ட அனுமதித்தவரும் மாட்டுவார். என் தராசில் ஓனர் பக்கம்தான் கனம். டிரைவர் தன் உயிரையும் அதே காரில் வைத்து ஆடுகிறார். ஓனர் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். சட்டம் அவரைத் தொடவே தொடாது. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கிற நீங்கள்! ஏ.சி. ஓடுமா, பாட்டு இருக்கா, மேலே கேரியர் உண்டா என்று கேட்டு, ஐந்நூறு ரூபாய் குறைத்துப் பேசி, 'சாயங்காலம் ஏழு மணிக்குள்ள திண்டுக்கல்லு வந்துரணும்ப்பா, ட்ரெயினைப் பிடிக்கணும்' என்று கெடு வைத்து ஏறுகிறோம். பேடு மாற்றாமல் விடுவதற்கான காரணமும் நாம் குறைத்த அந்த ஐந்நூறில் கொஞ்சம் இருக்கலாம். வேகமாக இறங்குவதற்கான காரணம் நம்முடைய ட்ரெயின். பிரேக்கைப் பற்றி விசாரித்தால் டிரைவர் கோபித்துக்கொள்வார் என்று கூச்சம் வேறு. நேராகக் கேட்க வேண்டாம். 'அண்ணே, இறங்குறப்போ சின்ன கியர்லயே மெதுவா இறங்குங்க. டம்டம் பாறைகிட்ட நிறுத்தி ஒரு டீ குடிப்போம். எங்களுக்கு அவசரம் இல்ல' என்று சொல்லிப் பாருங்கள். டீ குடிக்கிற நேரத்தில் டிஸ்கும் ஆறும். அந்த மனிதர் முகத்தில் தெரிகிற நிம்மதியைக் கவனியுங்கள். சீசனில் அவரிடம் இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு.

வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பொருட்பாலில், 54-வது. அசட்டையாக மறந்து இருக்காமை என்று பொருள். அதில் எனக்குப் பிடித்தது, அவர் மறதியைச் சோம்பேறித்தனத்தோடு முடிச்சுப் போடாதது. சந்தோஷத்தில் வருகிற மறதி, எல்லை மீறிய கோபத்தைவிடக் கெட்டது என்பது அவர் கணக்கு. சோகத்தில் இருக்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்கூடப் பார்த்து ஓட்டுவான். பிக்னிக் போகிறவன்தான்... பின் சீட்டில் அந்தாக்ஷரி, பக்கத்தில் மனைவி உரித்துக் கொடுக்கிற ஆரஞ்சு, ஜன்னலில் மேகம். அந்த நேரத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம் வந்தால் அது அபசகுனம் மாதிரி இருக்கிறது. கேட்காத மாதிரி இருந்துவிடுகிறோம்.

அந்த வெள்ளைக்காரரை ராத்திரி இட்லி சாப்பிட வைத்துவிட்டு வந்துவிட்டோமே! அவருக்கு அன்றைக்கு ராத்திரி காரைப் பூட்டும்போது சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்திருக்கும். வளைவில் கால் தரை வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். சக்கரம் ஆறிய பிறகு, மறுநாள் காலையில் மிதித்துப் பார்க்கிறார். பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! ஆயில் ஆறினால் ஆவியாக நின்ற குமிழி திரும்பத் திரவமாகிவிடும். பழையபடி பிடிக்கும். செம்பட்டி ரோட்டில் நூறு தடவை பிடிக்கும்.

ஆறு மாசம் கழித்து அவர் அந்தக் காரை விற்கிறார் என்று வையுங்கள். வாங்க வந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியாக இறங்கி, சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்கிறார்: 'பிரேக் எல்லாம் எப்படி சார்?'

அவர் என்ன சொல்வார்?